பிரேக் பெடல் சிலநேரம் கல்லுப் போல இறுகுது – கொரோலா 121, திருகோணமலை

உப்புவெளிக்காரன் – வெள்ளி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கார் கொரோலா 121, பெற்றோல், ஓட்டோ கியர். ஒரு மாதமாகப் பிரேக் பெடல் சிலநேரம் கல்லுப் போல இறுகிவிடுகிறது. எப்போதும் இல்லை, அதுதான் தலையிடி. காலையில் உப்புவெளியிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகும்போது ஒரு குறையும் இல்லை. பின்னேரம் மகளை ரியூஷனில் விட்டு, கடைக்குப் போய், திரும்ப அவளை ஏற்றிக்கொண்டு வரும்போது காலுக்குக் கீழே செங்கல் வைத்ததுபோல் இருக்கிறது.

இன்றைக்குப் பயந்தே போய்விட்டேன். கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு இறங்கி வருகிறோம். கோட்டைக்குள் ஒரு மான் நடுவீதியில் நின்று எங்களைப் பார்க்கிறது. முதல் தடவை மிதித்தேன், வேகம் குறைந்தது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் பெடல் அசையவில்லை. இரண்டு காலையும் வைத்து அழுத்தி, ஹாண்ட் பிரேக்கையும் இழுத்து, மானுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். மான் விலகவே இல்லை. யாரோ பிஸ்கட் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்திருக்கும். பின்சீற்றில் அம்மா "கோணேசரே!" என்றவர், வீடு வரும்வரை வேறு வார்த்தை பேசவில்லை.

இதுவரை செய்தது: ஒரு கராச்சில் முன் பிரேக் பாட் புதிதாகப் போட்டு, டிஸ்க் கடைந்தார்கள். மாற்றம் இல்லை. இன்னொரு கராச்சில் பெடலை இரண்டு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு "பூஸ்டர் போயிற்று, பாவித்த பூஸ்டர் 35,000, கூலி வேறு" என்றார்கள். மிதிக்கும் காலுக்குப் பலம் சேர்க்கும் பாகமாம் அது. காசைக் கொடுக்க முன் இங்கே ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வந்தேன்.

மட்கோ மைந்தன் – வெள்ளி, இரவு 9.30

மச்சான் இதற்கு ஏன் 35,000? பெடலுக்குப் பின்னால் பூஸ்டருக்குள் போகிற ரொட் இருக்கிறதல்லவா, அதன் நட்டைத் தளர்த்தி நாலு சுற்று வெளியே விடு. பெடல் மேலே வந்து உடனே பிடிக்கும். என்னுடைய பழைய நிசான் சனியில் அப்படித்தான் செய்தேன்.

பழைய ஸ்பனர் – வெள்ளி, இரவு 10.05

மைந்தன் தம்பி, கோபிக்காதீர். அந்த வேலையை யாரும் செய்ய வேண்டாம். பெடலுக்குக் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருந்தே ஆக வேண்டும், சில மில்லிமீற்றர். ரொட்டை நீட்டினால், பிரேக் ஒயிலை லைனுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது. ஒயில் டாங்கிக்குத் திரும்புகிற சின்ன ஓட்டை மூடியபடியே நிற்கும். ஓட ஓட ஒயில் சூடாகி விரியும், போக வழியில்லாமல் பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கும். நிலாவெளி போய்ச் சேருவதற்குள் நாலு சக்கரமும் கருகி மணக்கும். சனியில் தப்பியது உமது அதிர்ஷ்டம்.

உப்புவெளித் தம்பி, இனி உமக்கு. முப்பது வருடம் இந்தக் கையால் பிரேக் வேலை பார்த்தவன் சொல்கிறேன்: பிழை பிடிபடும்வரை அந்தக் காரில் அம்மாவையும் பிள்ளையையும் ஏற்ற வேண்டாம். பூஸ்டர் உதவாவிட்டாலும் பிரேக் இல்லாமல் போகாது. ஒயில் லைன் வேறு, பூஸ்டர் வேறு. ஆனால் காலில் பல மடங்கு பலம் வேண்டும். மறுபடி இறுகினால் விட்டு விட்டு மிதிக்காதீர். ஒவ்வொரு மிதிக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வக்கியூம் (காற்று உறிஞ்சப்பட்ட வெறுமை) செலவாகும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து நிறுத்தும்.

பாட், டிஸ்க் மாற்றியது வீண் செலவு. பாட் கண்ணாடி போல மினுங்கிப் போயிருந்தால் கார் நிற்கச் சுணங்கும், ஆனால் பெடல் வழக்கம்போல் கீழே போகும். பாட்டை டிஸ்க்கில் அமத்தும் கலிப்பர் இறுகினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும். இங்கே கடற்காற்றில் கலிப்பர் ஊசிகள் துருப்பிடித்து இறுகுவது நாளாந்தம் பார்க்கிற வேலை. உமக்கு அது இல்லை. பெடலே இறங்கவில்லை என்றால், அதுவும் காலையில் நல்லாக இருந்து பின்னேரம் கெடுகிறது என்றால், வக்கியூம் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

நாளைக் காலை என்ஜின் ஆறியிருக்கும்போது மூன்று பரிசோதனை செய்யும். ஆயுதம் ஒன்றும் வேண்டாம், கால் போதும்.

என்ஜினைப் போடாமல் பெடலை ஐந்தாறு தரம் மிதியும். இறுகும், அது சரி. அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யும். கால் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டருக்கு உயிர் இருக்கிறது.

அடுத்தது, என்ஜினை ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தும். இப்போது மெதுவாக மூன்று தரம் மிதியும். முதலாவது ஆழமாகப் போய், இரண்டாவதும் மூன்றாவதும் படிப்படியாக உயர வேண்டும். முதலாவதே இறுகினால் வக்கியூம் தங்கவில்லை: காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்விலோ வேறெங்கோ கசிவு.

கடைசி, என்ஜின் ஓடும்போது பெடலை அழுத்தியபடியே நிறுத்தி, முப்பது விநாடி பிடித்திரும். கால் மேலே தள்ளப்படக் கூடாது.

மிதிக்கும்போது டாஷ்போர்ட்டுக்குக் கீழே "ஸ்ஸ்ஸ்" என்று விடாமல் சத்தம் வருகிறதா, என்ஜின் ஐட்லிங் ஆடுகிறதா என்றும் கேளும். வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கலாம்.

உவர்மலை டீச்சர் – வெள்ளி, இரவு 10.41

ஐயா சொன்னதில் ஒரு கணக்கை மட்டும் சேர்க்கிறேன், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது. பூஸ்டருக்குள் ஒரு ரப்பர் விரிப்பு இருக்கிறது. சும்மா நிற்கும்போது அதன் இரண்டு பக்கமும் வக்கியூம். பெடலை மிதித்ததும் பெடல் பக்கம் மட்டும் வெளிக்காற்று உள்ளே வருகிறது. வெளிக்காற்றின் அமுக்கம் விரிப்பை மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தள்ளுகிறது. விரிப்பின் விட்டம் 9 அங்குலம் என்று வைத்தால் பரப்பு ஏறக்குறைய 410 சதுர சென்ரிமீற்றர். ஐட்லிங்கில் வக்கியூம் 65 கிலோபாஸ்கல் என்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 6.5 நியூட்டன். பெருக்கினால் 2,665 நியூட்டன். 50 கிலோ அரிசி மூட்டை ஐந்தை உங்கள் காலுக்கு உதவியாக வைத்த மாதிரி. அந்த ஐந்து மூட்டையையும் ஒரே நேரத்தில் யாரோ இறக்கிவிட்டால் பெடல் "இறுகும்". உண்மையில் பெடல் இறுகவில்லை, உதவிக்கு நின்றவர் போய்விட்டார்.

சித்திரை லீவுக்கு நுவரெலியா போனபோது எங்கள் காரிலும் பெடல் கொஞ்சம் பாரமாக இருந்தது. 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கமே 81 கிலோபாஸ்கல் அளவுதான், தள்ளுவதற்கு ஆள் குறைவு. கீழே வந்ததும் சரியாகிவிட்டது.

மட்கோ மைந்தன் – வெள்ளி, இரவு 10.50

டீச்சர், அரிசி மூட்டை கணக்குப் புரிந்தது. ஸ்பனர் ஐயா, ரொட்டை நாளைக்கே திருப்பி விடுகிறேன்.

கிண்ணியா வேன் – சனி, காலை 6.20

அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்பனர் நானா, இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டீசல் ஹைஏஸ், பழைய 3எல் என்ஜின். இதே மாதிரிப் பெடல் இறுகுகிறது. ஆனால் ஐட்லிங்கில்தான் இறுகும், அக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் சரியாகிவிடும். நல்லகாலம் 2009 இல் பாலம் வந்தது. முந்திப் பாதையில் (மிதவைப் படகில்) வேன் ஏற்றின காலத்தில் இப்படி நடந்திருந்தால் நேரே தண்ணிக்குள்தான்.

பழைய ஸ்பனர் – சனி, காலை 7.02

வ அலைக்கும் ஸலாம் தம்பி. உமது கேள்வி சுலபம். பெற்றோல் என்ஜினில் காற்று வரும் வழியைத் திரொட்டில் தட்டு மறிப்பதால் மெனிபோல்டில் (என்ஜினுக்குக் காற்றுப் போகும் குழாயில்) வக்கியூம் உண்டாகும். பூஸ்டர் அதை உறிஞ்சிக்கொள்ளும். உமது டீசலில் அந்த வக்கியூம் கிடையாது. அதற்காக அல்டனேற்றரின் முதுகில் ஒரு வக்கியூம் பம்ப் வைத்திருக்கிறார்கள். உள்ளே சின்னத் தகடுகள் சுற்றும், என்ஜின் ஒயில் போய் நனைக்கும். தகடு தேய்ந்தால் மெதுவாகச் சுற்றும்போது இழுக்காது, வேகமாகச் சுற்றினால் இழுக்கும். நீர் சொன்னது அப்படியே அதுதான். பெல்ட் இழுவையையும், பம்புக்கு ஒயில் போகிற சின்ன ஹோசையும் முதலில் பாரும். ஒயில் போகாமல் புதுப் பம்ப் போட்டால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

உப்புவெளிக்காரன் – சனி, காலை 8.15

ஐயா, மூன்றும் செய்தேன். மூன்றிலும் பாஸ்! ஸ்டார்ட் செய்ததும் கால் "லபக்" என்று கீழே போனது. நிறுத்திவிட்டு மிதித்தால் முதலாவது ஆழம், அடுத்தது கொஞ்சம் மேலே, மூன்றாவது இன்னும் மேலே. முப்பது விநாடியும் அசையவில்லை. சத்தமும் இல்லை. ஒன்றுமே பிழையில்லாத பூஸ்டருக்கா 35,000 கேட்டார்கள்?

சீனக்குடா – சனி, காலை 8.40

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) பிரச்சினையாக இருக்கலாம். ஸ்கான் பண்ணிப் பாருங்கள். என்னுடைய ஹைபிரிட் அக்குவாவில் பிரேக் லைட் எரிந்தபோது ஸ்கானில்தான் தெரிந்தது.

பழைய ஸ்பனர் – சனி, காலை 9.10

அக்குவா வேறு சாதி. அதில் வக்கியூம் பூஸ்டரே கிடையாது, மின்பம்ப் ஒன்று ஒயிலை அமுக்கத்தில் சேர்த்து வைத்துப் பிரேக்குக்கு அனுப்புகிறது. நான் சொன்ன காலால் செய்யும் பரிசோதனை எதுவும் அதற்குப் பொருந்தாது. அதில் லைட் எரிந்தால் ஸ்கான்தான், வீட்டில் கழற்றுவது ஆபத்து. கொரோலாவில் ஏபிஎஸ் வேலை செய்தால் பெடல் காலுக்கடியில் அதிரும், இறுகாது.

உப்புவெளித் தம்பி, கராச் ஆட்களைத் திட்ட முன் யோசியும். நீர் காலையில் செய்தீர். நோய் வருவது பின்னேரம். காய்ச்சல் இல்லாத நேரத்தில் வெப்பமானி வைத்தால் என்ன காட்டும்?

இன்னொன்று. கோட்டை இறக்கத்தில் முதல் மிதி பிடித்தது, இரண்டாவது இறுகியது என்று நீரே எழுதியிருக்கிறீர். அதுதான் எனக்குப் பெரிய துப்பு. பூஸ்டர் நிரம்பியிருந்தது, முதல் மிதியில் செலவானது, திரும்ப நிரம்பவில்லை. இறக்கத்தில் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பீர், என்ஜினில் அப்போதுதான் ஆகக் கூடிய வக்கியூம் இருக்கும். அவ்வளவு வக்கியூம் இருந்தும் பூஸ்டருக்கு வரவில்லை என்றால் வழியில் அடைப்பு.

இரண்டு கேள்வி. ஒரு மாதத்துக்கு முன் அந்தப் பக்கம் யாராவது கைவைத்தார்களா? பிரேக் ஒயில் குறைகிறதா?

உப்புவெளிக்காரன் – சனி, மதியம் 12.30

ஒயில் குறையவில்லை. கைவைத்தது... இப்போதுதான் யோசிக்கிறேன். ஐட்லிங் ஏறி இறங்குகிறது என்று திரொட்டில் பொடி கழற்றிக் கழுவினார்கள். அது முந்திய மாதக் கடைசி. அந்தப் பில்லைத் தேடி எடுத்தேன்: "கிளீனிங், கஸ்கட், ஹோஸ் 1". என்ன ஹோஸ் என்று நான் கேட்கவில்லை.

பழைய ஸ்பனர் – சனி, மதியம் 12.44

பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன், ஆனால் கண்ணால் காணாமல் சொல்ல மாட்டேன். பின்னேரம் அரை மணித்தியாலம் ஓடிச் சூடாக்கும், ஏசி போட்டு. தனியாக, மெதுவாக, ஆளில்லாத வீதியில். வீட்டுக்கு வந்து நிறுத்திப் பத்து நிமிடம் பொனட்டை மூடியே வைத்திரும். பிறகு பெடலை ஐந்தாறு தரம் மிதித்துக் காலி செய்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் பண்ணும். கால் இறங்க எத்தனை விநாடி என்று எண்ணும். கியரை பார்க்கிங்கில் போட்டு, ஹாண்ட் பிரேக் இழுத்துவிட்டு, பொனட்டைத் திறந்து மெனிபோல்டிலிருந்து பூஸ்டருக்கு வரும் ஹோசை ரோச் அடித்துப் பாரும். விரலால் அமத்த வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும்.

உப்புவெளிக்காரன் – சனி, இரவு 7.25

ஐயாாா!

காலையில் ஒரு விநாடியில் இறங்கின கால், இப்போது பதினொன்று எண்ணியும் பாதிதான் இறங்கியது. மகள் ரோச் பிடித்தாள். ஹோஸ் நடுவில், வளைகிற இடத்தில், சப்பையாகக் கிடக்கிறது. மிதித்த பற்பசை ரியூப் போல. என்ஜினை நிறுத்தினேன், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க மெல்ல மெல்ல உருண்டையானது. மகள் "அப்பா அது மூச்சு விடுது" என்றாள்.

பழைய ஹோசின் துண்டு இரண்டு முனையிலும் இருக்கிறது, தடித்தது. நடுவில் வேறு மெல்லிய ஹோஸ் போட்டு, கம்பிக் கிளிப் இறுக்கியிருக்கிறார்கள்.

பழைய ஸ்பனர் – சனி, இரவு 7.50

அதேதான். பழைய ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், கழற்றும்போது உடைந்திருக்கும். கடையில் கிடைத்த தண்ணி ஹோசையோ பெற்றோல் ஹோசையோ வெட்டிப் போட்டுவிட்டார்கள். அந்த ஹோஸ்கள் உள்ளிருந்து வெளியே தள்ளும் அமுக்கத்தைத் தாங்கச் செய்தவை. பூஸ்டர் ஹோசில் வேலை தலைகீழ், வெளிக்காற்று உள்ளே நெரிக்கும். அதற்குத் தடித்த சுவர் வேண்டும். ஆறியிருக்கும்போது இதுவும் தாக்குப்பிடிக்கும், சூட்டில் இளகியதும் சப்பையாகும். இறக்கத்தில் வக்கியூம் கூடக்கூட இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும். உமக்குப் பிரேக் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது மூடும், பார்த்தீரா.

121 க்கு என்று வருகிற வார்ப்பு ஹோசையே வாங்கும், ஒட்டு வேண்டாம். ஹோஸ் கழற்றும்போது பூஸ்டர் வாயில் ஒரு வெள்ளைத் துணியை முறுக்கி விட்டுப் பாரும். ஈரமாக வந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்து ஒயில் பூஸ்டருக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம், நிலத்தில் ஒரு துளி விழாமலே. நொன் ரிட்டர்ன் வால்வையும் கழற்றி வாயால் ஊதும். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்றுப் போக வேண்டும், என்ஜின் பக்கத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது.

மட்கோ மைந்தன் – சனி, இரவு 8.02

இனி இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி உருட்டுகிறவர்களும் இதை வாசிக்க வேண்டும். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் நானே பழகினேன், இன்னும் கை தன்பாட்டில் சாவிக்குப் போகிறது. இரண்டு மூன்று மிதிக்குத்தான் வக்கியூம் இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

உப்புவெளிக்காரன் – வியாழன், மாலை 6.40

நாலு நாளாகக் காரைத் தொடவில்லை, சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன். ஹோஸ் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு உறவினர் எடுத்து இரவு பஸ்ஸில் அனுப்பினார், புது வால்வோடு. பாவித்த பூஸ்டரோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு விலைகூட இல்லை.

வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது, சந்தோஷம். பழைய வால்வும் ஊதினால் ஒரு பக்கம்தான் போனது. எல்லாம் மாட்டினேன். ஸ்டார்ட் செய்தேன். பெடல் கல்லு! முந்தியாவது சூடானால்தான் இறுகும், இப்போது ஆறியிருக்கும்போதே அசையவில்லை. ஐயா, பூஸ்டரும் போயிற்றா?

பழைய ஸ்பனர் – வியாழன், மாலை 6.52

பதறாதீர். வால்வில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது?

உப்புவெளிக்காரன் – வியாழன், மாலை 7.01

பூஸ்டரை.

பழைய ஸ்பனர் – வியாழன், மாலை 7.03

என்ஜினைப் பார்க்க வேண்டும். காற்று பூஸ்டரிலிருந்து என்ஜினுக்குப் போகிறது, அம்பு காற்றுப் போகும் திசை. வக்கியூம் பூஸ்டருக்குப் "போகிறது" என்று நினைத்துத் திருப்பி மாட்டியிருக்கிறீர். என்னிடம் வேலை பழக வந்த பெடியன்களில் பாதிப் பேர் முதல் தடவை இதைத்தான் செய்தார்கள்.

உவர்மலை டீச்சர் – வியாழன், மாலை 7.20

பரீட்சையில் கேட்டாலும் பாதிப் பேர் இதைத்தான் எழுதுவார்கள். வக்கியூம் என்று ஒரு பொருள் எங்கும் போவதில்லை, காற்றுத்தான் போகிறது.

உப்புவெளிக்காரன் – வெள்ளி, இரவு 8.30

திருப்பி மாட்டினேன். ஆறியபடி ஒரு விநாடி. இன்று நிலாவெளி வரை போய், ஏசியோடு ஒரு மணித்தியாலம் ஓடி, பத்து நிமிடம் மூடி வைத்து மறுபடி பார்த்தேன்: ஒரு விநாடி. ஹோஸ் உருண்டையாகவே நிற்கிறது. தனியாகக் கோட்டைக்குள்ளும் ஏறி, இறக்கத்தில் நாலைந்து தரம் அடுத்தடுத்து மிதித்துப் பார்த்தேன். நாலாவது மிதியும் முதலாவது போலவே.

ஹோஸ் போட்டவரிடம் சப்பைத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். சண்டைக்கு இல்லை, அடுத்தவருக்குப் போடாமல் இருக்கட்டும் என்று. வாங்கி விரலால் அமத்திப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி வரவழைத்தார்.

ஒரு சின்னக் கேள்வி ஐயா: புதுப் பாட் போட்டதிலிருந்து காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு "கீச்" என்று ஒரு சத்தம் வருகிறது.

கிண்ணியா வேன் – வெள்ளி, இரவு 8.47

எனக்கும் சரி நானா. ஒயில் ஹோசில் அடைப்பு, பம்ப் தகடும் தேய்ந்து இருந்தது. இரண்டும் மாற்றியாயிற்று, ஐட்லிங்கில் பெடல் வெண்ணெய்.

பழைய ஸ்பனர் – வெள்ளி, இரவு 9.15

சந்தோஷம் தம்பிமார்.

கீச் சத்தம்: இரவுப் பனியில் டிஸ்க்கில் மெல்லிய துரு பிடிக்கும், முதல் இரண்டு மிதியில் அழிந்துவிடும். கடற்கரை ஊரில் இது சாதாரணம். மூன்றாவது மிதிக்குப் பிறகும் கேட்டால் சொல்லும், பாட்டைக் கழற்றிப் பார்ப்போம்.